டெல்லியில் வேதகிரி போட்ட ஆயுத பூஜை

உத்திரமேரூர்ப் பக்கத்தில் வேதகிரியைவிட நன்றாக உழுகிறவர்கள் உண்டு. வேகமாக டிராக்டர் ஓட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் ஆயுத பூஜை என்று வந்துவிட்டால் அவன் கிட்டே ஒருத்தனும் நிற்க முடியாது. வண்டி அவனுடையதுகூட இல்லை. பெரிய ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் கன்னியப்பனுடையது. அதனால் என்ன, ஓட்டுகிறவனுக்குத்தானே வண்டியின் அருமை தெரியும். பூஜைக்கு முன்பே வண்டியை ஏரிக் கால்வாயில் இறக்கித் தேய்ப்பான். தேய்ந்த வாஷர், வெடித்த ரப்பர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுவான். போன வருஷத்துச் சந்தனம், டயர் கடைக்காரன் ஒட்டிய விளம்பரம், எவனோ ஒட்டிவிட்டுப் போன கட்சிச் சின்னம், எதையும் விடமாட்டான். தேங்காய் எண்ணெய் தொட்டுச் சுரண்டியே எடுத்துவிடுவான். பழசு ஒட்டிக்கொண்டிருந்தால் பூஜை ஏறாது என்பது அவன் கட்சி.

இந்த நல்ல பழக்கம்தான் டெல்லியில் அவன் மானத்தை வாங்கப் பார்த்தது. அவன் மானம் போனால் போகிறது, அவன் பெண்டாட்டி செவ்வந்தியின் இத்தனை வருஷத்து உழைப்பையும் சேர்த்து வாரிக்கொண்டு போகப் பார்த்தது.

செவ்வந்திக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் சூம்பிப் போய்விட்டன. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளில்தான் அவள் ஊரிலிருந்து உத்திரமேரூர் தையல் கடைக்குத் தினமும் போய் வருவாள். மழையானாலும் வெயிலானாலும் அந்த ஏரிக்கரை மேட்டை அவள் தோள்கள்தான் ஏற்ற வேண்டும். ஒருநாள் அந்த மேட்டில் அவளுக்குப் பின்னால் வேதகிரியின் டிராக்டர் மாட்டிக்கொண்டது. இவன் ஹாரன் அடித்தான். அவள் சைக்கிளை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டுத் திரும்பி, இவன் பரம்பரையில் ஆரம்பித்து இவன் முகவெட்டு வரைக்கும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். இவன் இன்ஜினை அணைத்துவிட்டு முழுசாகக் கேட்டான். அன்றைக்கே போய்த் தன் அம்மாவிடம், கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டான். காலைப் பற்றி ஊர் என்னென்னவோ பேசியது. இவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாயைப் பற்றியும் எச்சரித்தார்கள். அதுதானே இவனுக்குப் பிடித்ததே.

அவள் தோளைப் பார்த்துக் கையில் இரும்புக் குண்டைக் கொடுத்தவர் பெஞ்சமின். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், இவர்கள் வயதுதான் இருக்கும். அவருக்கும் ஒரு காலில் இரும்புப் பட்டை உண்டு, ஒரு காலத்தில் மாநிலம் வரைக்கும் குண்டு எறிந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் திருமுக்கூடல் பாலாற்று மணலில் பயிற்சி நடக்கும். செவ்வந்தி எறிவாள், பெஞ்சமின் கத்துவார், வேதகிரி ஓடிப்போய் மணலில் புதைந்த குண்டைத் தோண்டி எடுத்துக்கொண்டு வருவான். உழுகிற மாட்டைவிட அதிகமாக அந்த மணலில் நடந்திருப்பான்.

காலில் பலம் இல்லாதவர்கள் எறியும் போட்டியில் ஒரு இரும்பு நாற்காலி உண்டு. அதில் உட்கார வைத்து, தொடையையும் இடுப்பையும் பெல்ட்டால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். எறியும்போது உட்கார்ந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் எழும்பினாலும் அந்த எறி செல்லாது. செவ்வந்தியின் நாற்காலி உத்திரமேரூர் டிரெய்லர் பட்டறையில் அடித்தது. அவளை அதில் கட்டுவது வேதகிரியின் வேலை. வைக்கோல் லோடு கட்டிப் பழகின கை, அசையாமல் கட்டுவான். கட்டிக்கொண்டவனே கட்டியும் போடுகிறான் என்று ஊரில் கேலி பேசினார்கள். அவனுக்கு அதில் பெருமைதான்.

மாவட்டம், மாநிலம், தேசியம் என்று செவ்வந்தி ஏறினாள். ஆனால் வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் ஒரு கை விரல் நீளத்தில் அவள் பெயர் விட்டுப்போகும். அனுப்புவதே ஒன்றிரண்டு பேரைத்தான். இந்தத் தடவை உலகப் போட்டி டெல்லியிலேயே நடக்கப்போகிறது, நடத்துகிற வீட்டுக்காரர்கள் நம் ஆட்களை நிறைய இறக்கலாம் என்றபோதுதான் அவளுக்கும் இலையில் இடம் கிடைத்தது. பெஞ்சமின் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

"செவ்வந்தி, அடுத்த தபா சின்னச் சின்னப் பொண்ணுங்கள்லாம் வந்துடும். இதான்மா உனுக்கு. இத வுட்டா இன்னொண்ணு வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"தெரியும் சார்" என்றாள் அவள். அன்றைக்கு இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது வேதகிரிக்குத் தெரியும்.

டெல்லிக்குப் போனதும் முதல் வேலையாக நாற்காலியைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். உட்காரும் இடம் குறிப்பிட்ட உயரத்துக்கு மேலே போகக் கூடாது. மேலே போனால் எறிகிறவருக்கு அது லாபம். பட்டறைக்காரன் அந்த உயரத்தின் கடைசி நூல் வரைக்கும் வைத்து அடித்திருந்தான். அதிகாரிகள் குனிந்து, நிமிர்ந்து, அளவுகோலை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்துவிட்டு, சரி என்று முன்கால் ஒன்றில் பச்சையாக ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார்கள். வேதகிரி அப்போது செவ்வந்திக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். திரும்பி வந்தவனிடம் பெஞ்சமின் சொன்னார்.

"சேர் பாஸாயிட்ச்சி வேதகிரி. இனிமே அதுல கை வைக்காத."

"சரி சார்" என்றான். சுத்தியல் எடுக்கக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது என்று அவனுக்கு அர்த்தமாயிற்று. குளிப்பாட்டுவதை எந்த டிரைவராவது கை வைப்பது என்பானா?

போட்டி அன்றைக்குத்தான் ஆயுத பூஜை. அவன் காலண்டரில் பார்த்துப் பத்து நாளைக்கு முன்பே சந்தோஷப்பட்டிருந்தான். பெண்டாட்டி களத்தில் இறங்குகிற நாளும் ஆயுதத்துக்குப் பூஜை போடுகிற நாளும் ஒன்றாக அமைவது சும்மாவா? ஊரிலிருந்து கிளம்பும்போதே விபூதி, சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் பையில் வைத்துக்கொண்டான். உத்திரமேரூர் இரும்புக் கடையில் நாற்காலிக் கால்களுக்கு மாட்ட நாலு ரப்பர் புஷ்ஷும் வாங்கி வைத்துக்கொண்டான். இருந்தவை பாலாற்று மணலில் தேய்ந்து காகிதமாகப் போயிருந்தன.

அன்றைக்குக் காலையில் செவ்வந்தியைப் பெஞ்சமின் உடம்பு பிடித்துவிடுகிறவரிடம் இட்டுக்கொண்டு போனார். வேதகிரி நாற்காலியை ஓட்டல் குளியலறைக்குள் நிறுத்தி ஆசை தீரக் கழுவினான். முன்காலில் பச்சையாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த ஓட்டல்காரனுக்கு ஒட்டுவதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே, தேங்காய் எண்ணெய் தொட்டு, தடம் தெரியாமல் சுரண்டி எடுத்தான். தேய்ந்த புஷ்களைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டான். புதுசை அடித்து ஏற்றினான். நாற்காலியைத் தாழ்வாரத்தில் கொண்டுவந்து நிறுத்தி, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் தடவி, குங்குமம் வைத்தான். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பொட்டு கொஞ்சம் பெரிசாகவே விழுந்தது.

கற்பூரம் ஏற்றப் போனபோது ஓட்டல் காவலாளி ஓடிவந்து, கூரையில் இருந்த புகை மணியைக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டான். சரி போ என்று வேதகிரி செல்போன் லைட்டைப் போட்டுத் தட்டில் வைத்துச் சுற்றினான். சாமி கோபித்துக்கொள்ளாது, அதுவும் வெளிச்சம்தானே.

அப்போது எதிர் அறைக் கதவு திறந்தது. முந்தின நாள் ஈட்டியில் வெள்ளி வாங்கிய அரியானாக்காரன் ஊன்றுகோலில் வந்தான். பெரிய மீசை, ஒரு கால் முழங்காலோடு சரி. இவன் செய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். உள்ளே போய்த் தன் செயற்கைக் காலை எடுத்து வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அதற்கும் என்று சைகை காட்டினான். வேதகிரி பயபக்தியோடு அந்தக் காலுக்கும் பட்டை போட்டான். பின்னாலேயே ஒடிசாவிலிருந்து வந்த கண் தெரியாத ஓட்டக்காரப் பெண், தன்னையும் கூட ஓடுகிறவளையும் சேர்த்துக் கட்டும் கயிற்றை நீட்டினாள். அவள் கழுத்தில் அப்போதும் தங்கம் தொங்கிக்கொண்டிருந்தது, குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லையாம். யாரோ சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். யாரோ மெஸ்ஸிலிருந்து வாழைப்பழம் கொண்டுவந்தார்கள். நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தந்தவர்கள் எல்லாம் ஒரு டிராக்டர் டிரைவரிடம் வரிசையில் நின்றார்கள். பதக்கங்களுக்கும் பொட்டு வைத்தான் வேதகிரி. அவன் வாழ்க்கையில் அப்படி ஒரு பூஜை போட்டதில்லை.

திரும்பி வந்த செவ்வந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா மாமா, ஓட்டலையே கோயிலாக்கிட்டியா?"

"ஆயுத பூஜைமே. சும்மாவா வுடுவேன்?"

அவளும் நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெஞ்சமினும் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு, சேர் பளபளன்னு கீதுப்பா என்று பாராட்டினார். சந்தனத்துக்கு அடியில் என்ன இல்லை என்று யாரும் பார்க்கவில்லை.

மைதானத்தில் எறிகிறவர்களைப் பெயர் கூப்பிட்டு உள்ளே அனுப்பும் அறையில்தான் வினை வந்தது. நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள் நாற்காலியைச் சுற்றி வந்தாள். குனிந்தாள். மறுபடியும் சுற்றி வந்தாள். பெஞ்சமினிடம் என்னவோ கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே முன்காலைக் காட்டப் போனார். காட்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது.

"வேதகிரி, இங்க ஒட்னுருந்த ஸ்டிக்கர் எங்க?"

"எந்த ஸ்டிக்கரு சார்?"

"பச்சையா இருந்துச்சேய்யா!"

"அதுவா? தொட்ச்சி எட்த்துட்டேன் சார். பூஜை போட சொல்லோ எதுக்கு அதுன்னு…"

பெஞ்சமின் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். "அதான்யா சேர் பாஸானதுக்கு அத்தாட்சி. அது இல்லாங்காட்டி உள்ள வுட மாட்டாங்க."

வேதகிரிக்குக் காது அடைத்தது. முதலில் அவன் பார்த்தது செவ்வந்தியின் வாயைத்தான். இப்போது வெடிக்கும் என்று குறுகிக்கொண்டு நின்றான். அது வெடிக்கவில்லை. சக்கர நாற்காலியில் மடியில் கையை வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல், எதிரே இருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவுக்கு அப்பால்தான் களம். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி வாயடைத்து அவன் பார்த்ததில்லை.

பெஞ்சமின் இரும்புக் காலை இழுத்துக்கொண்டு அந்த அம்மாளின் பின்னாலேயே போய்ப் பேசினார். நாள் என்ன, பழக்கம் என்ன என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஆயுத பூஜைக்கு ஆங்கிலத்தில் அவர் என்ன சொன்னாரோ, அந்த அம்மாள் நெற்றியைச் சுருக்கிக் கேட்டாள். கடைசியில் சொல்லிவிட்டாள். இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது, மறுபடி அளந்து பார்க்கலாம். அளவு சரியென்றால் எறியலாம். இல்லையென்றால் இல்லை.

"அளக்கட்டும் சார், அதே சேருதானே" என்று வேதகிரிக்கு மூச்சு வந்தது. அளவுகோலை வைத்தார்கள். ஒரு இளைஞன் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அந்த அம்மாளும் குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினாள். உயரம் அதிகம்.

"எப்படிய்யா அதிகமாவும்?" என்று பெஞ்சமின் கிட்டத்தட்ட அலறினார். "நேத்து சரியா இருந்துச்சே!"

அப்போதுதான் வேதகிரிக்கு உறைத்தது. நாலு கால்களிலும் கறுப்பாக, புத்தம் புதுசாக, உத்திரமேரூர் ரப்பர் புஷ்.

"சார், புஷ்ஷு மாத்திட்டேன் சார்" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான். "கயட்டிடறேன் சார், இதோ கயட்டிடறேன்."

பெஞ்சமின் நாற்காலியைச் சாய்த்துப் பிடித்தார். வேதகிரி நகத்தை விட்டு நெம்பினான். காலையில் அவ்வளவு ஆசையாக அடித்து ஏற்றியது, லேசில் வருமா? தடவிய எண்ணெய் வேறு வழுக்கியது. ஒன்று வந்தது. இன்னொன்று, நகம் பிய்ந்து ரத்தத்தோடு வந்தது. மூன்றாவதைப் பல்லால் கடித்து இழுத்தான். வெள்ளைக்கார அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாலாவது அசையவே இல்லை. திருகினான், இழுத்தான், உள்ளங்கையெல்லாம் எரிந்தது. கண்ணீர் வந்து எதுவும் தெரியாமல் போயிற்று.

ஒரு கை நீண்டு வந்து அந்த நாற்காலிக் காலைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டது. செவ்வந்தி.

"வேணாம்மே, எறியற கை, வலிச்சிக்கும்" என்று அவன் கெஞ்சினான்.

ஏரிக்கரை மேட்டைத் தினமும் ஏற்றிய அந்தக் கையால் புஷ்ஷைப் பிடித்தாள், ஒரே திருகு திருகினாள். புஷ் கழன்று வந்து தரையில் உருண்டது. அதைக்கூட அவள் பார்க்கவில்லை.

மறுபடி அளந்தார்கள். இளைஞன் குனிந்தான். இந்தத் தடவை அந்த அம்மாள் தானே மண்டியிட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து, சந்தனப் பொட்டின் மேல் படாமல், அதற்குக் கொஞ்சம் கீழே, பச்சை ஸ்டிக்கரை ஒட்டினாள். வேதகிரி அவள் காலில் விழப் போனான். பெஞ்சமின் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

களத்தில் செவ்வந்தியை நாற்காலியில் ஏற்றிக் கட்ட ஆரம்பித்தான். அவள் தொடையில் பெல்ட்டைச் சுற்றினான், இடுப்பில் சுற்றினான். வழக்கமாக இந்த நேரத்தில் அவள், இறுக்குய்யா, சோறு துன்னியா இல்லையா என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். இன்றைக்கு ஒன்றும் இல்லை. சரியா கீதா என்று கேட்டான். தலையை மட்டும் ஆட்டினாள். அவன் விலகி, கம்பித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

இந்தப் போட்டியில் ஒருவர் தன் எறிகளையெல்லாம் வரிசையாக எறிந்து முடித்துவிட்டுத்தான் அடுத்தவர் வருவார். செவ்வந்தியின் முதல் எறி செல்லாமல் போயிற்று. சிவப்புக் கொடியைப் பார்த்ததும் வேதகிரி முகத்தை மூடிக்கொண்டான். இரண்டாவது சுமார். மூன்றாவதும் அப்படித்தான். கூட்டத்தில் நம் ஜனங்கள்தானே நிறைய, பெயர் தெரியாவிட்டாலும் கைதட்டி ஒரு தாளம் போட்டார்கள். பக்கத்தில் பெஞ்சமின், தோளு, தோளு என்று முனகிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த எறியில் அவள் வாயைத் திறந்து ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், அது உத்திரமேரூர் கடைத்தெருவுக்கே கேட்டிருக்கும். குண்டு அவள் அதுவரைக்கும் எறியாத தூரத்தில் போய் விழுந்தது. பெஞ்சமின் வேதகிரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.

ஆனால் போட்டி இன்னும் முடியவில்லை. இன்னும் எறிய ஆள் இருந்தார்கள். வேதகிரி பெல்ட்டை அவிழ்த்து அவளைச் சக்கர நாற்காலியில் இறக்கினான். புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். ஒருத்தி அவளைத் தாண்டினாள். இன்னொருத்தி தாண்டினாள். செவ்வந்தி மூன்றாவது இடத்துக்கு இறங்கினாள். பாக்கி ஒரே ஒருத்தி.

"தண்ணி குடிக்கிறியாமே?"

பதில் இல்லை.

"கை வலிக்குதா?"

அவள் கண் அந்தக் கடைசிப் பெண்ணின் மேலேயே இருந்தது. வேதகிரி மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டான். அந்தப் பெண் தாண்டிவிட்டால், புஷ்ஷைத் திருகிய கைதான் காரணம் என்று ஆகிவிடும். செவ்வந்தி அதை வாய்விட்டுச் சொல்லக்கூடச் சொல்லமாட்டாள். இதே மாதிரி, இந்த மூடிய வாயோடேயே, வாழ்நாள் முழுக்க வீட்டில் இருப்பாள்.

கடைசிப் பெண்ணின் கடைசிக் குண்டு விழுந்தது. அளந்தார்கள். பலகையில் எண்கள் மாறின. வேதகிரிக்கு அந்த எழுத்து ஒன்றும் புரியவில்லை. பெஞ்சமின் தன் இரும்புக் காலையும் மறந்து குதித்ததைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டான். வெண்கலம். தடுப்புக்கு அப்பால் அரியானாக்காரன் விபூதிப் பட்டை போட்ட காலோடு எழுந்து நின்று விசில் அடித்துக்கொண்டிருந்தான்.

பதக்கம் கொடுத்தார்கள், கொடி ஏற்றினார்கள், படம் எடுத்தார்கள். பெஞ்சமின் பத்திரிகைக்காரர்களிடம் மாட்டிக்கொண்டார். வேதகிரி செவ்வந்தியைத் தள்ளிக்கொண்டு நீளமான வராந்தாவில் வந்தான். அவள் எல்லோரிடமும் சிரித்தாள், கை குலுக்கினாள். இவனிடம் மட்டும் இன்னும் ஒரு சொல் பேசவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வந்ததும் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். வண்டியைத் திருப்பி அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"யோவ்" என்றாள். "உனுக்கு அறிவுன்னு ஒண்ணு கீதா, இல்ல அதையும் எண்ணெ தொட்டுச் சொரண்டி எட்த்துட்டியா?"

வேதகிரி அப்படியே நின்றான்.

"கை வைக்காதன்னு சார் படிச்சிப் படிச்சிச் சொன்னாரே, காதுல இன்னா கிரீஸா அடச்சிக்கினு இருந்த? உங்கொப்பன் காலத்துலேர்ந்து எவனாவது டெல்லிக்கு வந்து புஷ்ஷு மாத்திருக்கானா? ஊரு ஒலகமே அளவு பார்த்து ஒட்னத உரிச்சிப் போட்டுட்டு, அதும் மேலயே பொட்டு வச்சியே, நீ மனுசனா? என் உசுரே அந்த ரூம்ல போயிட்ச்சிய்யா! வாயத் தொறந்தா அழுதுடுவேன்னு பல்லக் கட்ச்சிக்கினு ஒக்காந்திருந்தேன், தெரியுமா உனுக்கு?"

அவன் அம்மாவைத் திட்டினாள். கன்னியப்பனின் டிராக்டரைத் திட்டினாள். அந்த மேட்டில் அன்றைக்கு ஹாரன் அடித்த கையைத் திட்டினாள். திட்டத் திட்ட, மத்தியானத்திலிருந்து வேதகிரியின் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பதக்கம் வந்தபோதுகூட அவனுக்கு இப்படி நிம்மதியாக இல்லை. கண்ணில் நீர் கொட்டியது, வாயெல்லாம் சிரிப்பு. ரத்தம் காய்ந்த விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த வழியாக வந்த காவலாளி ஒருவன், சண்டை என்று நினைத்துச் சுவரோரமாக ஒதுங்கிப் போனான்.

செவ்வந்தி மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"இன்னும் கீதாமே?" என்று கேட்டான் வேதகிரி.

"கீது" என்றாள். "தள்ளு. போய்க்கினே சொல்றேன்."

அவன் தள்ளினான்.